அடிமண்டி

பத்மாசனி பயந்த பெண். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் குடியேற்றத்தில் பயப்படாத ஆட்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவரை யானை மிதித்தது. மற்றவரும் சாராய வெறி முறிந்தால் பயப்படுவார். வவுனிக்குளத்துக் கட்டு முடிந்து காணி கொடுத்த புதிதில், கைதடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு செம்பன் சேவல்குஞ்சும் கொண்டு புருசனோடு வந்து இறங்கியவள் அவள். பிள்ளை குட்டி இல்லை. கிணற்றடிக்குப் போகவும் துணை தேடுவாள். காட்டுப் பக்கம் ஒரு கொப்பு முறிந்தால் கையிலிருக்கும் சுளகைக் கீழே போட்டுவிடுவாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று பக்கத்து வளவு இரஞ்சிதம் பகிடி பண்ணுவாள். பத்மாசனியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே போய்ப் படலையைக் கட்டுவாள்.

அவள் புருசன் கனகலிங்கத்துக்குப் பயம் என்றால் ஒன்றே ஒன்றுதான், எதுவும் வீணாய்ப் போய்விடக் கூடாது. பானை கழுவின தண்ணீர் மாட்டுக்கு. நல்லெண்ணெய் முடிந்த போத்தலுக்குள் சுடுதண்ணீர் விட்டுக் குலுக்கி, அது குழம்புக்கு. பனங்கட்டி வந்த ஓலைக் குட்டானையும் நக்கிப்போட்டுத்தான் அடுப்பில் வைப்பான். "யாழ்ப்பாணத்தார் போத்தலைக் கழுவிக் குடிச்சே காணி வாங்கின ஆக்கள்" என்று இந்தப் பக்கத்துப் பழஞ்சனம் சொல்லும். அவன் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வான்.

வந்த அடுத்த வருடம் மாசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் கிடந்தான். காய்ச்சல் போகும்போது வலது காலையும் கொண்டுபோனது. தொட்டால் தெரியாது, தூக்கினால் தொப்பென்று விழும். வவுனியா ஆசுபத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். மெல்ல மெல்லத்தான் திரும்பும், ஆறு மாதமும் செல்லும், ஒரு வருடமும் செல்லும் என்று ஒளிக்காமல் சொல்லி அனுப்பினார்கள். இங்கே மாரிக் காலபோக வெள்ளாமை அறுக்க ஆளில்லாமல் பாதி வயலில் உதிர்ந்துவிட்டது.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு குடியேற்ற அதிகாரி சிற்றம்பலம் வந்தார். கெட்ட மனுசர் இல்லை. ஆனால் கையில் ஒரு கொப்பி வைத்திருந்தார், அந்தக் கொப்பிக்கு அவரும் பயம்.

"சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்கிற அண்டைக்கு வரம்பு கட்டி, உழுது, காணிக்காரன் வயலில நிக்கவேணும், கனகலிங்கம். நிக்காட்டி நான் மேல எழுதவேண்டி வரும். இந்த வாய்க்காலில காணி கேட்டு நூறு பேர் நிக்கிறாங்கள்."

"நிப்பன் ஐயா."

"எப்பிடி?"

"நிப்பன் ஐயா."

உழவை அயலட்டையில் நாங்கள் ஆளுக்கொரு நாள் எருமை கொண்டுபோய் முடித்துக் கொடுத்துவிட்டோம். வரம்பும் கட்டினோம். அவனுக்குப் பதிலாக வயலில் நின்று கொடுக்கத்தான் எங்களால் முடியவில்லை.

இப்படித்தான் வீரகத்திப் பரியாரியார் அந்த வீட்டுக்கு வந்தார். மல்லாவிக்கு அங்காலே காட்டோரத்தில் இருந்து நாட்டு வைத்தியம் பார்த்த மனுசர். வாதத்துக்கு அவர் கைமருந்து பேர்போனது. கனகலிங்கத்தின் காலை முழங்காலில் தட்டி, உள்ளங்காலில் நகத்தால் கீறி, நெடுநேரம் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பெரிய சாராயப் போத்தலை எடுத்து வைத்தார். உள்ளே கறுத்த தண்ணீர். வாய்க்குத் தென்னந்தும்பு அடைத்திருந்தது.

"என்ன இது, பரியாரியார்?" என்றாள் பத்மாசனி.

"எட்டிக்கொட்டை, பிள்ளை. உங்கட பக்கத்தில காஞ்சூரை எண்டுவினம்."

அவள் கையில் இருந்த தேத்தண்ணி தளும்பிச் சீலையில் ஊற்றுப்பட்டது.

"ஐயோ, அது விசர்நாய்க்கு வைக்கிற நஞ்செல்லோ!"

"ஓம், நஞ்சுதான். அதாலதான் மாட்டுக் கோசலத்திலயும் பாலிலயும் நாள்க்கணக்கில போட்டு எடுக்கிறது. என்ர அப்பு தான் குடிச்சுப் பாத்துத்தான் குடுத்தவர். நானும் அப்பிடித்தான். நேற்று விடியக் குடிச்சனான். இருக்கிறன்தானே?"

"உங்கட உடம்பு பழகின உடம்பு."

"அப்ப உன்ர புருசன்ர உடம்பும் பழகட்டும்."

"இஞ்சாருங்கோ, வேண்டாமப்பா." அவள் புருசன் பக்கம் திரும்பினாள். "கால் இல்லாட்டிப் போகட்டும். காணி இல்லாட்டிப் போகட்டும். கைதடிக்குப் போவம்."

"போய்? ஆரின்ர வளவில குந்துறது? அண்ணற்றயோ?" கனகலிங்கம் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனான். இந்த எட்டி எனக்கு ஒரு காலை ஈஞ்சால் காணும்."

"அப்ப முதல்ல சேவலுக்குக் குடுத்துப் பாப்பம்."

பரியாரியார் வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார். "குடு. உன்ர மனம் ஆறுமெண்டால் குடு. இதைச் சேவலுக்கு வைச்சிரு, அவருக்கு வேற புதுப் போத்தல் தாறன்."

குசினித் தூணில் சேவலைக் கட்டினாள். மூன்று நாள், விடியப்புறம் ஒரு கரண்டி. ஒரு கையால் சொண்டைத் திறந்து, மற்றக் கையால் ஊற்றி, பிறகு அதற்கு முன்னாலேயே குந்தியிருந்து பார்ப்பாள். அது கண்ணைச் சிமிட்டினால் இவள் கிட்டக் குனிந்து பார்ப்பாள். செட்டையை அடித்தால், "ஐயோ வலிக்குது போல" என்பாள். குரக்கன் புட்டை உதிர்த்துப் போடுவாள், அது கொத்தித் தின்னும்வரை அடுப்பு மூட்டமாட்டாள். மூன்றாம் நாள் சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு வேலி பாய்ந்து இரஞ்சிதத்தின் பேட்டுக்கோழியைத் துரத்தியது.

"மருந்து நல்லா வேலை செய்யுது அக்கா," என்றாள் இரஞ்சிதம். "அண்ணையைக் கவனமாப் பாத்துக்கொள்ளும்."

கனகலிங்கம் படுக்கையில் கிடந்தே விழுந்து விழுந்து சிரித்தான். காய்ச்சலுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு அது. பத்மாசனிக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது.

புதுப் போத்தலைக் கொடுக்கும்போது பரியாரியார் சொல்லிவிட்டுப் போனார்: "ஏழு நாள். விடியவில ஒரு கரண்டி. நல்லாக் குலுக்கிப்போட்டு ஊத்து, பிள்ளை. குலுக்காமல் குடாத. மீன், புளி படாது. ஏழாம் நாள் நானே வருவன்."

அவள் குலுக்கவில்லை.

இதைப் பத்மாசனி பிறகு தன் வாயாலேயே எங்களுக்குச் சொன்னாள். முதல் நாள் குலுக்கத்தான் போத்தலைக் கையில் எடுத்தாள். அடியில் கறுப்பாக ஒரு படை கிடந்தது. ஒருதரம் சரித்ததும் அந்தப் படை எழும்பி மேலே வந்தது. அதைக் கண்டதும் கை நின்றுவிட்டது. இவ்வளவும் அந்த மனுசனின் வயிற்றுக்குள் போகப்போகுதா? போத்தலை அப்படியே வைத்து, அரைமணி நேரம் பொறுத்து, மண்டி அடங்கியபின் மேல்தெளிவில் ஒரு கரண்டி வார்த்தாள். தெளிவென்றால் காரம் குறைவு, காரம் குறைந்தால் ஆபத்தும் குறைவு. அடியில் கிடப்பதைக் கடைசியில் வேலிக்கு அப்பால் ஊற்றிவிடலாம். பயந்த மனதுக்கு இது நல்ல கணக்காகப் பட்டது. ஆறு நாளும் அப்படியே செய்தாள். "குலுக்கினியோ?" என்று அவன் கேட்பான். "ஓம்" என்பாள்.

ஆறாம் நாள் பின்னேரம் அவன் வலது காலின் பெருவிரல் துடித்தது. ஒரேயொரு தரம். அவன் இரஞ்சிதத்தைக் கூப்பிட்டான், என்னைக் கூப்பிட்டான், வாய்க்கால் வரம்பால் போனவர்களையெல்லாம் கூப்பிட்டான். நாங்கள் அந்த விரலைச் சுற்றி நின்றோம். அது திரும்ப அசையவில்லை. "நாளைக்குப் பாருங்கோ," என்றான்.

அந்த நாளைக்குத்தான் தண்ணீர் திறக்கிற நாள்.

விடிய எழும்பி அவனுக்குக் கடைசிக் கரண்டித் தெளிவையும் கொடுத்துவிட்டு, பழஞ்சோற்றைக் கட்டிக்கொண்டு பத்மாசனி வயலுக்குப் போனாள். வரம்பில் நண்டு ஓட்டை அடைக்க எங்களில் மூன்று பேர் நின்றோம். சித்திரை வெயில் அந்த நேரத்திலேயே முதுகைச் சுட்டது. மதகுத் துருசுப் பக்கம் சனம் கூடி நின்றது. தண்ணீர் இன்னும் வரவில்லை. வாய்க்காலின் காய்ந்த மண்ணில் குருவிகள் நின்றன. சோற்றை வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

படலையடிக்கு வந்ததும் முதலில் கண்டது போத்தலைத்தான். வேலிக் கதியால் தடியில் தலைகீழாகக் குத்தி வைத்திருந்தது. கழுவின போத்தல். வெயிலில் பளபளத்தது.

கனகலிங்கம் வாசலில் சுவரோடு சாய்ந்து இருந்தான். தவண்டு தவண்டே அடுப்படிக்கும் வேலிக்கும் போய்வந்திருக்கிறான், உடுத்த சாரமெல்லாம் மண். முகம் முழுக்கச் சந்தோசம்.

"இஞ்ச பாரும், நீர் மருந்தை வீசத்தானே வைச்சிருந்தனீர்? ஒரு விரல் கனத்துக்கு மண்டி கிடந்தது. கேத்தில்ல இருந்த சுடுதண்ணியை விட்டுக் குலுக்கி அப்பிடியே குடிச்சிட்டன். சத்தெல்லாம் அதுக்குள்ளதான் கிடந்திருக்கு. பார், பார், காலைப் பார்!"

வலது கால் துடித்தது. பெருவிரல் மட்டுமில்லை, கெண்டைக்கால், தொடை எல்லாம். அவன் சிரித்தான். பிறகு இடது காலும் துடித்தது. அவன் சிரிப்பு நின்றது, ஆனால் பல் தெரிந்தபடியே வாய் இருந்தது. அதை மூட அவனால் முடியவில்லை.

பத்மாசனி கத்தினாள். அந்தச் சத்தம் பட்டதும் அவன் உடம்பு வில்லாக வளைந்தது. தலையும் குதியும் மட்டும் நிலத்தில் பட்டன.

இரஞ்சிதம் ஓடி வந்தாள். நாங்களும் வயலிலிருந்து ஓடினோம். வண்டில் கட்டு, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோ என்று ஆளுக்கு ஆள் கத்த, ஒவ்வொரு கத்தலுக்கும் அவன் வளைந்தான். நல்லகாலம், ஏழாம் நாள் என்றபடியால் பரியாரியார் அந்த நேரம் படலைக்குள் வந்துகொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. கையை உயர்த்தி எங்கள் எல்லாரையும் வாயடைக்கப் பண்ணினார். காதோடு காதாகத்தான் பேசினார்.

"வண்டில் வேண்டாம். ஆசுபத்திரி முப்பது மைல், இந்த ரோட்டில ஒரு குலுக்கல் போதும் உயிர் போக. ஒருதரும் தொடாதேங்கோ. யன்னலுக்குச் சாக்கைப் போடுங்கோ. சத்தம் கூடாது. ஒரு சின்னச் சத்தமும் கூடாது. பொழுது பனைக்குக் கீழ இறங்குமட்டும் தாக்குப்பிடிச்சால் ஆள் தப்பும்."

இரஞ்சிதம் வளவு வளவாக ஓடினாள். உலக்கைச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. நாய்களை ஆட்கள் காட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டுக்குப் போய்விட்டார்கள். அப்படி ஒரு பகலை எங்கள் குடியேற்றம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. நாற்பது வீட்டுச் சனம் ஒருவனின் மூச்சுக்காக வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

உள்ளே இருட்டில் கனகலிங்கம் கிடந்தான். கண் திறந்திருந்தது. அறிவு தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. வருவது என்னவென்று அவனுக்குத் தெரிந்தது.

பரியாரியார் பத்மாசனியைக் குசினிக்குள் அழைத்துப்போனார்.

"ஏழாங் கரண்டிதானே இண்டைக்கு? ஒரு கரண்டிக்கு இப்பிடி வராதே, பிள்ளை. நானே குடிச்ச மருந்து."

அவள் மூச்சில்தான் பேசினாள். "குலுக்கேல்ல."

"என்ன?"

"நீங்கள் குலுக்கச் சொன்னனீங்கள். நான் ஒரு நாளும் குலுக்கேல்ல. பயத்தில தெளிவை மட்டும் குடுத்தனான். மண்டியை ஊத்துவம் எண்டு வைச்சிருந்தன். அவர் கழுவிக் குடிச்சிட்டார்."

பரியாரியார் அப்படியே அடுப்புக்கட்டில் இருந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏழு நாள் மருந்தின்ர காரம் ஒரு வாயில," என்றார் கடைசியில்.

"சேவலுக்கு ஒண்டும் செய்யேல்லையே, பரியாரியார். மூண்டு நாளும் பாத்தனானே."

"சேவல் எட்டியைத் தாங்கும், பிள்ளை. மனுசனைவிடக் கனக்கத் தாங்கும். அது எனக்குத் தெரியும். உன்ர பயம் தீரட்டும் எண்டுதான் குடுக்க விட்டனான். அது என்ர பிழை."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஏச வாய் வந்தது. ஏசவும் சத்தம் வேண்டுமே.

அந்த நேரம் குசினித் தூணில் திரும்பப் பிடித்துக் கட்டியிருந்த சேவல் கழுத்தை நிமிர்த்திக் கூவியது.

உள்ளே பாய் சரசரத்தது. பல் நறநறவென்று கடிபடுகிற சத்தம் குசினிக்குக் கேட்டது. பரியாரியார் ஓடினார். இவள் வாசலில் நின்று கண்டாள்: வளைந்த உடம்பு, நீலம் பாரித்த உதடு, மூச்சில்லாத நெஞ்சு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பதினெட்டில் மூச்சு வந்தது. பரியாரியார் திரும்பி அவளைப் பார்த்தார். இன்னொரு தரம் வந்தால் இந்த மூச்சு திரும்பாது என்று அந்தப் பார்வையில் இருந்தது.

அவள் சேவலிடம் போனாள். கைதடியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த சேவல். பழக்கத்தில் அது புட்டுக்கென்று கிட்ட வந்தது. முந்தானையைத் தலைக்கு மேலால் போட்டு, உடம்பை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அமர்த்தி, கழுத்தைப் பிடித்துத் திருகினாள். கோழிக் கழுத்தை அதற்குமுன் அவள் தொட்டதே இல்லை, குழம்புக்கென்றாலும் இரஞ்சிதந்தான் வந்து செய்வாள். செட்டை அடிக்கிற சத்தமும் வெளியே வரக்கூடாதென்று அதன்மேலேயே குப்புறப் படுத்துக்கிடந்தாள். அது அடங்க நெடுநேரம் எடுத்தது.

எழும்புமுன் அடுத்த சத்தம் கேட்டது. வாய்க்கால் ரோட்டால் உழவு மெசின் வந்தது. சிற்றம்பலம் ஐயா அதன் சில்லு மட்காட்டில் குந்தியிருந்து வயல் வயலாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்மாசனி ஓடினாள். தனியே கிணற்றடிக்குப் போகாத பெண், தலைமயிர் அவிழ, கையில் செத்த சேவல் இருந்ததையும் மறந்து, நடுரோட்டில் மெசினுக்கு முன்னால் போய் நின்றாள். சாரதி பிறேக்கைப் போட்டான். இயந்திரம் நிற்காமல் இரைந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது? கனகலிங்கம் எங்க? தண்ணி வந்திட்டுது, வயலில ஆளைக் காணேல்லை."

"மெசினை நிப்பாட்டுங்கோ ஐயா."

"ஆள் எங்க எண்டு கேக்கிறன்."

அவள் சில்லோடு ஒட்டி நின்று இரண்டு கையையும் கூப்பினாள். சேவல் இரண்டு கைக்கும் நடுவில் தொங்கியது. "காணியை எழுதி எடுங்கோ ஐயா. இப்பவே எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன். மெசினை மட்டும் நிப்பாட்டுங்கோ. அவர் செத்துப்போவார்."

சிற்றம்பலம் ஐயா பின்னால் ஓடிவந்த எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு தானே கையை நீட்டி இயந்திரத்தை நிற்பாட்டினார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டடிக்கு நடந்து வந்து, சாக்கை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். அவர் எதையும் எழுதவில்லை. போகும்போது இரஞ்சிதத்திடம் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த முறைத் தண்ணி பதினைஞ்சு நாளில. அண்டைக்கு அவன் வயலில நிக்கட்டும். அதுக்குமேல என்ர கையில ஒண்டுமில்லை, பிள்ளை." மெசினை நாங்கள் ஆறு பேர் அரை மைல் தூரம் தள்ளிக்கொண்டு போனோம்.

பொழுது பனைக்குக் கீழே இறங்கியபோது வலிப்பு நேரம் விட்டு நேரம் விட்டு வந்து, பிறகு நின்றது. தாடை இளகியது. பரியாரியார் விரலில் தொட்டுத் தொட்டுப் பசுநெய்யை நாக்கில் வைத்தார். கனகலிங்கம் அழுதான், நித்திரையானான். பத்மாசனி அவன் தலைமாட்டில் இருந்து விடியும்வரை மூச்சை எண்ணினாள்.

ஐந்தாம் நாள் அவன் வலது கால் முழங்காலில் மடங்கியது. மருந்து செய்ததா, காலம் வந்து தானே திரும்பியதா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. கனகலிங்கத்துக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆள் அனுப்பிப் பரியாரியாரைக் கூப்பிட்டான்.

"இன்னொரு போத்தல் தாங்கோ."

"நான் தரமாட்டன் தம்பி. என்னைப் பிடிச்சுக் கட்டினாலும் தரமாட்டன்."

"உங்கட மருந்தில பிழையில்லை. பிழை எங்களில. பத்து நாள்தான் கிடக்கு. நான் நிக்கவேணும், பரியாரியார்." அவன் அவருடைய காலைத் தொடக் குனிந்தான். "இந்தக் காணியும் போனால் நாங்கள் எங்க போறது? இவளைக் கொண்டு நான் எங்க போறது?"

பரியாரியார் பத்மாசனியைப் பார்த்தார், அவள் வேண்டாம் என்பாள் என்று. அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் தன் வாயாலேயே கொடுத்த காணி அது, தெய்வாதீனமாய்த் திரும்பி வந்தது. இரண்டாந்தரம் கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் புதுப் போத்தல் வந்தது. பரியாரியார் போனபின் கனகலிங்கம் சொன்னான்: "நான் குலுக்கிறன், தாரும். இனிச் சேவலுமில்லைப் பாக்கிறதுக்கு."

அவள் கொடுக்கவில்லை. குசினிக்குக் கொண்டுபோய்த் தும்பை இறுக்கி, தோள் நோகுமட்டும் குலுக்கினாள். கறுப்பு முழுவதும் ஒன்றாய்க் கலந்தது. கரண்டியில் ஊற்றினாள். மட்டமாய் ஒரு கரண்டி. அதைத் தன் வாயில் விட்டு விழுங்கினாள்.

"என்ன விசர் வேலை பாக்கிறாய்!" அவன் வாசற்படி வரை தவண்டு வந்துவிட்டான்.

"கதையாதேங்கோ," என்றாள். "பாப்பம்."

கசப்பு தொண்டையிலேயே நின்றது. படியில் இருந்து தாடையைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். கால்விரல்களைப் பார்த்தாள். வெயில் கிணற்றடி வாழைக்கு வந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் சேவலைப் பார்த்த மாதிரி. காட்டுப் பக்கம் ஒரு கொப்பு முறிந்து விழுந்தது.

அவள் திடுக்கிட்டாள். பயத்தில் திடுக்கிட்டதா, மருந்தில் திடுக்கிட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.